சால்னாவுக்கு வந்த நிபந்தனை

கோரிப்பாளையத்தில் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு புரோட்டாக் கடை வைத்திருக்கிறோம். கல்லில் மச்சான், கல்லாவில் நான். எங்கள் ஊரில் புரோட்டாவுக்குத்தான் காசு, சால்னாவுக்குக் கிடையாது. கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். கை கொஞ்சம் தயங்கினால், "என்னண்ணே, மருந்தா ஊத்துறீக?" என்பார்கள்.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப்பில் நாங்களும் சேர்ந்தோம். முதலில் நாலைந்து ஆப் ஓடின. ஒன்றை ஒன்று விழுங்கி, எங்கள் பக்கம் கடைசியில் மிஞ்சியது இது ஒன்றுதான். பாதி வியாபாரம் அதன் வழியாக வந்தது. அதை நம்பி இரண்டாவது கல் போட்டு, வாடிப்பட்டியிலிருந்து ஒரு மாஸ்டரையும் கூட்டிவந்தோம்.

ஒருநாள் அந்தக் கம்பெனி ஆள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஆப்பில் கிடைப்பதைவிடக் கடையில் எதுவும் சலுகையாகக் கிடைக்கக் கூடாதாம், நிபந்தனையில் இருக்கிறதாம். பார்சலுக்கு ஒரே பாக்கெட் சால்னா, நேரில் வருகிறவருக்குக் கணக்கில்லாத சால்னா என்றால் அது தப்பாம். கடையிலும் அளந்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் காசு வாங்க வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே மூன்று முறை சால்னா வாங்கியிருந்தார்.

"மாட்டோம்னா?" என்றேன்.

"லிஸ்ட்ல கீழ போயிருவீங்க சார். சிஸ்டம் தானா பண்ணிரும்."

மழை வரும் என்பதுபோலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையை யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதில்லை.

நாங்கள் அளக்கவில்லை. கடை கீழே போனது. மேலே வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்தால், செல்லூரில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குள் அந்த ஆப்பே நடத்தும் அடுப்பங்கரை. பெயர்ப்பலகை கிடையாது, உட்கார பெஞ்சு கிடையாது. எந்த நேரத்தில் எது போகும் என்பதை எங்கள் ஆர்டரைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள், எங்கள் அயிட்டங்களையே போட்டிருந்தார்கள். தராசையும் அவனே பிடித்துக்கொண்டு, எதிரில் கடையும் அவனே போட்டால் நாங்கள் எங்கே போவது?

வாடிக்கையாக வரும் வக்கீல், பெரிய கம்பெனி சின்னக் கடையை இப்படி நெருக்கினால் விசாரிக்கவென்றே டெல்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது, எழுதிப்போடலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்.

மச்சான் மாவை வீசிக்கொண்டே கேட்டார்: "அதுவரைக்கும் ரெண்டாவது கல்லு சூடா இருக்குமா சார்?"

இருக்கவில்லை. மாஸ்டர் வாடிப்பட்டிக்கே திரும்பிவிட்டார். பிறகு ஆப்பில் எங்கள் கடை 'மூடப்பட்டுள்ளது' என்றே காட்ட ஆரம்பித்தது. தினமும் வரும் ஆட்டோக்காரர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "கல்லு இங்கன சுடுது, இது மூடியாச்சுங்குது. நான் எதண்ணே நம்ப?" என்றார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அந்த வாரமே அட்டைக்காரர் மறுபடி வந்தார். நிபந்தனைக்குச் சம்மதித்தால் பேசி மேலே கொண்டுவரலாம் என்று பெஞ்சில் உட்காரப் போனார்.

மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூடுன கடையில ஒனக்கு என்ன பேச்சு? எந்திரி தம்பி. ஆளுக உக்காரணும்."