சிவபாதசுந்தரம் இறைத்த தண்ணீர்

வெள்ளைக்காரன் காலத்தில், வெள்ளவத்தைக் கால்வாய்க்கரையில் கபுக்கல் வெட்டும் குழியொன்றில் சிவபாதசுந்தரம் ஓவர்சியராக இருந்தார். வீட்டுச் சுவர் கட்டுகிற சிவந்த கல்தான் கபுக்கல். தோண்டத் தோண்ட அடியிலிருந்து தண்ணீர் ஊறும். அதைப் பம்பு வைத்து இறைத்துக் கால்வாயில் விட்டு, குழியைக் காய வைத்திருப்பதே அவருடைய உத்தியோகம். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தண்ணீரை வெருட்டுவதற்குச் சம்பளமா என்று அயலில் பலருக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் மனுஷன் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். முறை வைத்து, துலா மிதித்து, தோட்டத்துக்கு இறைத்த பரம்பரை. நல்ல தண்ணீரை விழலுக்கு இறைப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. வேலைக்குச் சேர்ந்த கையோடு குழிக்கு மேலே மேட்டில் பாத்தி கட்டி, மிளகாயும் கத்தரியும் நட்டுவிட்டார். பம்புக் குழாய் கால்வாயை விட்டுப் பாத்திப் பக்கம் திரும்பியது. முதலாளித் துரைக்கு வாராவாரம் ஒரு கூடை கத்தரிக்காய் போனதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மாசியில் ஒரு துளி மழை இல்லை. அயல் கிணறுகளெல்லாம் வற்றிவிட்டன. குழியில் மட்டும் தண்ணீர் முழங்காலளவு நின்றது. பம்பு நாள் முழுக்க ஓடியும் குறையவில்லை. கல் வெட்டுகிறவர்கள் கரையில் குந்தியிருந்து பீடி பிடித்தார்கள். துரை வந்து பார்த்தார்.

"சனிக்கிழமைக்குள் குழி காயாவிட்டால் நீ ஊருக்குப் போகலாம்" என்றார் இங்கிலிஷில்.

வீட்டில் மனைவி கனகேஸ்வரி அதைக் கேட்டுவிட்டு, "போறதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ. கொழும்பிலை பெரிய உத்தியோகமெண்டு என்ரை சனத்துக்குப் பீத்தினது நீங்கள். நான் அவையின்ரை முகத்திலை முழிக்கேலாது" என்றாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். மறுநாள் பம்பின் வார் அறுந்தது. பம்பு ஓட்டுகிற பௌஸி புது வார் தேடிக் கிராண்ட்பாஸுக்குப் போனான். குழி நிரம்பி வழியப்போகிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்த சிவபாதசுந்தரம், ஒரு நாள் கழித்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. மேலே மிளகாய்தான் வாடியிருந்தது.

வாடிய மிளகாயைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், அப்படியே வரம்பில் குந்திவிட்டார். கபுக்கல்லுக்கு உடம்பெல்லாம் ஓட்டை. பாத்தியில் விட்ட தண்ணீர் வடிந்து திரும்பவும் குழிக்கே வந்திருக்கிறது. இத்தனை நாளும் அவர் ஒரே தண்ணீரைத்தான் இறைத்து இறைத்துக் களைத்திருக்கிறார். வெட்கத்தில் காது சூடாயிற்று.

வாரோடு வந்த பௌஸி வாயைப் பிளந்தான். "என்ன ஸேர், பம்பு ஓடல்ல, தண்ணியும் கூடல்ல? குழில ஜின்னு கின்னு இருக்கா?"

"ஓம், ஜின்தான். நீ கதையாமல் குழாயைக் கால்வாய்ப் பக்கம் திருப்பு."

சனிக்கிழமை குழி காய்ந்து கிடந்தது. துரை கை குலுக்கினார். குலுக்கிய கையை விடாமலே, "குழிதான் காய்ந்துவிட்டதே, இனிப் பம்பு எதற்கு? திங்கட்கிழமை கழற்ற ஆள் வரும். உனக்கும் இனி வேலையில்லை" என்றார்.

சித்திரை மழைக்குக் குழி குளமாகிவிடும் என்று இவர் சொன்னது அந்தக் காதில் ஏறவில்லை. சிவபாதசுந்தரத்துக்கு நெஞ்சு கொதித்தது.

"காயாட்டிலும் கலைப்பானாம், காய்ஞ்சாலும் கலைப்பானாம்! பௌஸி, நாளைக்கு ஒருக்கால் வா. மிளகாய்க்குத் தண்ணி காட்டவேணும்."

"குழில ஏது ஸேர் தண்ணி?"

"கால்வாயிலை இருக்கு."

"அது கடலுப்பு ஏறின தண்ணி ஸேர். மொளகா செத்துப் போயிருமே!"

"சாகட்டும்" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை மாதிரி வளர்த்த கன்றுகள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பம்பு ஓடியது. திங்கட்கிழமை துரை ஆளோடு வந்து எட்டிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீர்.

"இது எங்கிருந்து வந்தது?"

"நிலத்தின் குணம் துரை" என்றார் சிவபாதசுந்தரம், கையைக் கட்டிக்கொண்டு. "ஞாயிறு ஒரு நாள் நான் லீவு. அதற்குள் இப்படி."

துரை தாடையைத் தடவி யோசித்தார். பம்பு கழற்ற வந்தவனைத் திருப்பி அனுப்பினார். பிறகு மிகவும் மரியாதையாக, "அப்படியானால் இனி ஞாயிற்றுக்கிழமையும் நீ வரவேண்டும்" என்றார்.

பௌஸி சிரிப்பை மறைக்கப் பம்புக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.