கஞ்சி நூல் சுற்றிய ஒயர்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறை முதலாளி, மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரரான வெண்ணந்தூர் நூல் வியாபாரி, போலீஸ் ஏட்டு, அடிபட்டவருடைய தம்பி, அப்புறம் நான். தம்பி வந்த ஜட்கா வாசலில் நின்றது. ஜட்காக்காரர் இறங்கவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. பிற்பாடு, பட்டறை இருந்த சூரமங்கலத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

முந்தின நாள் பொழுது சாய்ந்து, நல்ல மழையில், வியாபாரி ஆத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக நடந்துபோன ஒருவர் மேல் வண்டி ஏறிவிட்டது. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெள்ளாமை செய்கிறவர். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். விளக்கு திடீரென்று அணைந்துபோனது என்றார் வியாபாரி. விளக்கே போடாமல் வந்தார் என்றார் தம்பி. எது நிஜம் என்று சோதித்துச் சொல்ல, ஒயர் வேலை செய்த பட்டறைக்கே வண்டியைக் கொண்டுவந்திருந்தார் ஏட்டு. வியாபாரியே ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். முதலாளி என்னைப் பார்த்துக் கையசைத்தார். எங்கள் பட்டறையில் ஒயர் வேலை என்னுடையது.

அந்த வண்டிக்கு முதலில் பெரிய விளக்கு ஒன்றுதான் இருந்தது. வண்டித் தடங்களில் ஓரம் தெரியவில்லை என்று வியாபாரி கேட்டதால், இரண்டு மாதத்துக்கு முன் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தி, அதற்குத் தனி ஸ்விட்சும் வைத்தேன். ஒயர் நீளம் போதவில்லை. பெட்ரோல் டாங்கிக்கு அடியில் ஒரு ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. யுத்த காலம், ஒட்டின் மேல் சுற்றுகிற ரப்பர் நாடா கடைகளில் இல்லை. முதலாளியின் மேஜைக்குள் ஒரு சுருள் இருந்தது. மேஜை பூட்டியிருந்தது, அவர் ஈரோட்டுக்குப் போயிருந்தார்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பட்டறைக்கு வருமுன் நாலு வருஷம் தறியில் நெடுக ஓடும் பாவு இழைகளைப் பிணைத்திருக்கிறேன். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடக் கூடாது, தறியின் அச்சுப் பல்லில் சிக்கும்; இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, சாம்பல் தொட்டு நீவிவிட வேண்டும். செம்புக் கம்பியையும் என் விரல்கள் அப்படியே முறுக்கிவிட்டன. ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. மேலே பாவு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கஞ்சி தடவிக் காயவைத்தேன். குச்சி மாதிரி விறைத்து நின்றது. ரப்பரைவிட நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

மழை நாளில் எங்கள் வீடுகளில் பாவு விரித்துக் கஞ்சி போட மாட்டார்கள். கஞ்சி இளகி இழை தொய்ந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. வண்டி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. நூல் நனைந்து நழுவினால், கைப்பிடி திருப்பும்போது ஒயர் இழுபட்டுக் கம்பி இரும்பைத் தொடும். தொட்டால் பாட்டரியில் இருப்பதெல்லாம் அந்த வழியே ஓடிப்போய், சின்ன விளக்கோடு பெரிய விளக்கும் அணைந்துபோகும். முதலாளி திரும்பி வந்ததும், "அந்த வெண்ணந்தூர் வண்டிங்க…" என்று ஆரம்பித்தேன்.

"நீ பயந்ததுல பாதி நடந்திருந்தா இந்நேரம் சேலமே இருக்காது. போயி வேலையப் பாரு," என்றார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டை ஒருமுறைக்கு நாலுமுறை பூட்டிப் பார்க்கிறவன் நான். என் பயங்களை நானே நம்புவதை விட்டிருந்தேன். நடுவில் ஒரு நாள் வியாபாரி செயினுக்கு எண்ணெய் போட வந்தார். அவசரமாக இருந்தார். அப்போதும் சொல்லவில்லை. வானம் இருண்ட நாளெல்லாம் அந்த ஒட்டு ஞாபகத்துக்கு வரும். மழை வலுக்காவிட்டால் ஆறுதலாக இருக்கும்.

வண்டி காலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வெயிலில் நின்றிருந்தது. பெரிய விளக்கைப் போட்டேன், எரிந்தது. சின்ன விளக்கின் ஸ்விட்சைத் தட்டினேன், அதுவும் எரிந்தது. கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பினேன். ஸ்விட்சைக் கழற்றிப் பித்தளையைத் துடைத்து மாட்டினேன். விளக்குக் கூட்டின் மேலே மின்சாரம் காட்டுகிற முள் ஆடாமல் நின்றது.

"பகல்ல நல்லா எரியுது. வெளக்குக்கு இருட்டுன்னா பயம் போல," என்றார் ஏட்டு.

"ஏனுங்க, நான் பொய்யா சொல்றேன்? சின்ன வெளக்கு ஸ்விட்சத் தட்டுனேனுங்க, ஒரு வளைவு திரும்புனேன், ரெண்டும் ஒண்ணா அவிஞ்சு போச்சுங்க," என்றார் வியாபாரி.

"பாட்டரி தேஞ்சிடும்னு வெளக்கு போடாம போறவங்கள நாங்க தெனம் பாக்கறோம்," என்றார் தம்பி. "நூல் மூட்டை மேல வைக்கிற அக்கறைய மனுசன் மேல வச்சிருக்கலாம்."

"எழுதிக்குங்க. எங்க வேலையில கொறையில்லைங்க," என்றார் முதலாளி.

ஏட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுதிவிட்டால் வியாபாரிக்கு ஜெயில் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எழுதாவிட்டால் எனக்கு என்ன என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. வியாபாரி என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, என் மேல் சந்தேகமும் இல்லை.

"சாமி, நீயாச்சும் சொல்லு. நீதான மாட்டுன."

பஞ்சர் பார்க்கிற தொட்டியில் துணியை நனைத்து டாங்கிக்கு அடியில் பிழிந்தேன்.

"என்னடா பண்ற?" என்றார் முதலாளி.

"நேத்து மழைங்க," என்றேன்.

நூல் ஊற நேரமாகும். மறுபடி நனைத்துப் பிழிந்தேன். இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருக்க, கைப்பிடியை மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. இரண்டும் அணைந்தன. நேராக்கினேன், எரிந்தன. திரும்பத் திருப்பினேன், அணைந்தன. டாங்கிக்கு அடியிலிருந்து தீய்ந்த சோற்று வாசனை வந்தது.

கையை விட்டு அந்த நூலை இழுத்தேன். கூழாக வந்தது. வியாபாரி அதை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். "இருவதாம் நம்பர்," என்றார். "நான் விக்கிற நூலு."

தம்பி குனிந்து அந்தக் கூழைப் பார்த்தார். பிறகு, "சரி, இவரு பொய் சொல்லல. அதுக்காகக் காலு வந்துடுமா?" என்று கேட்டார்.

ஏட்டு நோட்டை மூடிவிட்டு, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். நூற்றிருபது ரூபாய் என்று முடிவாயிற்று. மழையில் வேகமாக வந்ததற்காக வியாபாரி பாதி, பட்டறை பாதி. பட்டறையின் பாதி என் தலையில் என்றார் முதலாளி. மாதம் இரண்டு ரூபாய் தருகிறேன் என்றேன்.

"மொதலாளிகிட்ட குடுத்தனுப்பாத," என்றார் தம்பி. "நீயே வந்து அண்ணன் கையில குடு. அவரு உன்னப் பாக்கட்டும்."

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் என்னைப் பட்டறையிலிருந்து நிறுத்தினார்கள். மறுபடி தறிக்கே போனேன். ஒவ்வொரு மாதமும் அயோத்தியாப்பட்டணத்துக்கு நடந்துபோய் அவர் கையில் இரண்டு ரூபாயை வைப்பேன். அவர் ஒரு தடவையும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போவேன். ஒருமுறை கேட்டார்.

"நூலுக்குப் பதிலா வேற என்ன சுத்தியிருக்கணும்?"

"ரப்பர் நாடாங்க."

"என்ன வெல?"

"முந்தி மூணணா இருந்துச்சுங்க."

"மூணணா," என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டை அப்போதே விற்றுவிட்டிருந்தார்கள்.

இருபதாம் மாதம் போனபோது வீடு பூட்டியிருந்தது. காய்ச்சலில் அவர் போய்ப் பதினைந்து நாள் ஆயிற்று என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். அண்ணன் பெண்சாதி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தம்பி காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாராம். எந்த மலை என்று யாருக்கும் தெரியவில்லை. ஏற்காட்டில் தோட்டம் தோட்டமாக விசாரித்துப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை.

கொடுத்தது முப்பத்தெட்டு ரூபாய். இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்திரண்டு ரூபாய்.