நான் பிந்திப் போன பத்து நிமிடம்

ராத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு மலர் ஒன்று வெளியிட முடிவானபோது, அவரின் மகள்மார் இருவரும் என்னிடம் வந்தார்கள். "மாமா, நீங்கதான் எழுதணும். உம்மாட கூடப்பிறந்தவர் நீங்க ஒருத்தர்தானே" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், வெறும் புகழை எழுதிவிட்டு எழும்ப எனக்கு அருகதை இல்லை என்பது உறைத்தது. உறவினர்களும் நண்பர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

மருதமுனையில், தறி ஓட்டி எங்களை வளர்த்த வாப்பாவின் மூத்த மகள் ராத்தா. எங்கள் பக்கத்து வழமைப்படி வீடு அவருக்கே சீதனமானது. மச்சான் அங்கே குடிவந்தார். நான் கலியாணம் முடித்து சாய்ந்தமருதுக்குப் போனேன். அந்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, கணித ஆசிரியையான ராத்தா முகாமில் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார்த்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மச்சான் மௌத்தாகி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாளே பாடசாலைக்குப் போனார்.

வகுப்புக்குள் போய் சலாம் சொன்னதும், புத்தகத்தைத் திறக்குமுன், இன்றைக்கு எதைப் படிக்கப்போகிறோம், மணி அடிக்கும்போது எதைச் செய்ய முடிய வேண்டும் என்று பிள்ளைகளின் பேச்சிலேயே சொல்லிவிடுவார். "எங்க போற பஸ் எண்டு சொல்லாம, ஏறு ஏறு எண்டா நீ ஏறுவியா தம்பி?" என்று என்னையும் சீண்டுவார்.

நான் அப்போது கணித ஆசிரிய ஆலோசகர். வகுப்பின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து, ஆசிரியர் கற்பிப்பதைப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் உத்தியோகம். ராத்தாவின் பாடசாலையை மதிப்பிடப் போன அன்று, அவருடைய ஆறாம் தர வகுப்பு என் பங்கில் விழுந்தது. ஒதுங்கியிருக்கலாம். "ராத்தாக்குப் புள்ளிய அள்ளிப் போடுவீங்களே சேர்" என்று கூட வந்தவர் பகிடி விட்டார். "என்னட்ட சொந்தம் பந்தம் ஒண்டும் செல்லாது" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தப் பெருமையோடு அதிபரின் அறையில் தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருந்ததில், பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் கழிந்தே வகுப்புக்குள் போனேன்.

பலகையில் ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது. பாடத்தின் நோக்கம் மாணவருக்குத் தெளிவாக்கப்பட்டதா என்பது படிவத்தின் முதற் கேள்வி. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தியிடம், "இன்றைய பாடத்தின் கற்றற்பேறு யாது?" என்று கேட்டேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது! அவள் திருதிருவென்று முழித்தாள். 'இல்லை' என்று எழுதினேன்.

இடைவேளையில் அதே பிள்ளை, கூட்டாளிகளோடு வலைப்பந்துத் திடலின் ஓரத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன புள்ள செய்யிறீங்க?"

"இதச் சுத்தி அடைக்க எத்தின மீற்றர் கம்பி வேணுமெண்டு பாக்கிறம் சேர். மணி அடிக்கக்குள்ள ஒரு வளவுக்கு வேலிக்கணக்குச் சொல்ல ஏலணும் எண்டு டீச்சர் வந்த உடனேயே சொன்னவ. எனக்கு இப்ப ஏலும்."

படிவம் என் கையில்தான் இருந்தது. ஒரு வெட்டு வெட்டி மாற்றியிருக்கலாம். மாற்றினால் பிந்திப் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்தாவுக்காக மாற்றினான் என்று கதையும் வரும். மாற்றவில்லை. பின்னேரம் எல்லா ஆசிரியர்களும் இருந்த கூட்டத்தில் என் வாயாலேயே அதை வாசித்தேன். அந்த 'இல்லை'யைக் காரணம் காட்டி, அடுத்த தவணை ராத்தாவிடமிருந்து கணிதத்தை எடுத்து, நூலகத்தைக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அவர் நூலகத்திலேயே இருந்தார்.

மதிப்பீடு நடந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீ எத்தின மணிக்கு வகுப்புக்கு வந்த?"

"நேரத்துக்குத்தான் ராத்தா."

"அப்ப நான்தான் சொல்ல மறந்திட்டன் போல" என்றார். மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தார். பொய் சொன்ன வாய் அதையும் தின்றது. சீ!

மருமகள்மாரே, உம்மா ஏன் கணிதத்தை விட்டார் என்பதை நீங்கள் இப்போதுதான் அறிகிறீர்கள். கடைசி மாதங்களில் அவர் படுக்கையில் இருந்தபோது நான் வாரத்தில் இரண்டு தரம் வந்தேனே, மருந்தைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் கதைத்துவிட்டுப் போனேன்.

ராத்தாவை இரவு பகலாகப் பார்த்த உங்களுக்கும், வைத்தியசாலைக்கு வந்து இரத்தம் தந்த பக்கத்து ஊர் பாண்டிருப்புத் தம்பிமாருக்கும், அடக்கத்துக்குக் கபுறடி வரை வந்தவர்களுக்கும், துஆச் செய்கின்ற அனைவருக்கும் குடும்பத்தின் நன்றி உரியது.

ராத்தாவின் ஜனாஸாத் தொழுகைக்கு முன், உடன்பிறந்தவன் என்ற முறையில் நான்தான் எழும்பி நின்றேன். "எங்கட ராத்தாவால ஆருக்காச்சும் ஏதும் குறை வந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க" என்று வழமைப்படி கூடியிருந்த ஜமாஅத்திடம் கேட்டேன். "மன்னிச்சிட்டம்" என்று பள்ளி முழுக்கச் சொன்னது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய ஒருவர் மட்டும், எனக்கு முன்னால், சந்தூக்குப் பெட்டிக்குள் இருந்தார்.