நாக்கு அக்காவும் ஒன்பது டப்பாப் பொடியும்

நாக்கு அக்காவுக்கு நான் மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். கையில் பணம் இல்லாமல் வந்த பாக்கி அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, மூலிகை மூட்டை சுமந்து, பிறகு அந்த மூட்டைகளையே விலைக்கு வாங்கி, இன்றைக்கு நாலு கிடங்கு வைத்திருக்கிறவன் நான். பட்டம் வாங்கினவர்கள் என் கடைவாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்தக் கொழுப்பில் பிடித்துவைத்த சம்பளம் அது.

அவள் என் கிடங்கைக் கூட்டிப் பெருக்க வந்தபோது வயது பத்தொன்பது. வந்த மூன்றாம் வாரம், இறக்கிவைத்த நிலவேம்பு மூட்டையிலிருந்து ஒரு இலையை எடுத்து வாயில் போட்டாள்.

"மொதலாளி, இதுல பாதி வேற ஏதோ செடி."

விற்க வந்தவன் சண்டைக்கு நின்றான். கொட்டிப் பார்த்தோம். பாதி வேறு செடிதான். அப்போதே அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி வீசிவிட்டு, மூட்டைக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஆளைப் பார்த்து எடைபோட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அவளுக்குப் பெயர் நாக்கு என்று ஆயிற்று. வயது ஏறியதும் நாக்கு அக்கா.

இருபத்தாறு வருஷம். மத்தியானம்வரை டீ கூடக் குடிக்கமாட்டாள், ருசி மழுங்கிவிடுமாம். மூட்டைக்கு ஒரு சிட்டிகை. நாக்கில் வைத்து இருபது எண்ணுவாள், தகரக் குவளையில் துப்புவாள், வெறும் தண்ணீரில் கொப்பளிப்பாள், அடுத்த மூட்டைக்கு நகருவாள். அவள் தலையாட்டாத சரக்கு என் தராசில் ஏறியதில்லை. பல்கலைக்கழகத்துச் சோதனைக்கூடமே நிலவேம்பும் அதிமதுரமும் என்னிடம்தான் வாங்கியது. சளிக்காய்ச்சல் வைரஸை எது அடக்கும் என்று, செடியிலிருந்து பிரித்த சத்தையும் ஆலையில் செய்த ரசாயனத்தையும் அங்கே வரிசையாக வைத்துப் பார்க்கிறார்களாம். அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்கிற அம்மா ஒருதரம் சொன்னார்.

"பெரியவரே, கண்ணாடித் தட்டுல வைரஸ் கொறையுறது வேற, மனுஷன் நெஞ்சுக்குள்ள கொறையுறது வேற. இன்னும் எத்தனையோ வருஷ வேல இருக்கு."

"உங்களுக்கு வருஷம் வேணும், எங்களுக்கு ஒரு வாரம் போதும்" என்று நான் சிரித்தேன்.

காய்ச்சல் பரவின அந்த வருஷம் என் மாப்பிள்ளை, நம் மூலிகையை அரைத்துப் பொடி போட்டு விற்கலாம் என்றார். மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். டப்பாவின் மேல் பச்சை இலைப் படம், 'நூறு சதவீதம் இயற்கை'. காலையில் சாப்பிட்டால் சாயங்காலம் காய்ச்சலைக் காணோம்! சனம் அள்ளிக்கொண்டு போனது. நானும் போகிற இடமெல்லாம் மார்தட்டினேன். எங்கள் கிடங்கில் மூட்டைக்கு மூட்டை நாக்குச் சோதனை உண்டு. மூடி போட்ட டப்பாவை மட்டும் ஒருத்தரும் ருசி பார்ப்பதில்லை. நம் சரக்குதானே உள்ளே போகிறது என்ற நினைப்பு.

நாக்கு அக்காவின் புருஷனுக்குக் காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. அவள் எங்கள் பொடியையே காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் ஒன்பது டப்பா. இருமல் அடங்கியது. ஆனால் மனுஷனுக்கு அகோரப் பசி, முகம் பூசணிக்காயாக உப்பிக்கொண்டே போயிற்று. ஒருநாள் அவளே ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் டப்பாவோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மொதலாளி, நெலவேம்புக் கசப்பு மெதுவா வந்து அடிநாக்குல உக்காரும். இதுல இன்னொரு கசப்பு இருக்கு. வச்ச ஒடனே நுனியில சுள்ளுனு குத்துது. அது செடி இல்ல."

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, அவங்களுக்குச் சம்பளம் ஏத்தணும்போல. அதான் கத."

"என் புருஷன் மூஞ்சிய வந்து பாருங்க தம்பி, அப்புறம் கத சொல்லுங்க."

வீட்டு வாடகையை மொத்தமாகக் கட்டுகிறவள், அதனால் சம்பளத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வாங்குவாள். அது என்னிடம் இருந்தது. "என் பொடியப் பத்திச் சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கு, சம்பளத்த வாங்கிக்க" என்றேன். அவள் குவளையை எடுத்து என் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். புருஷனுக்குக் கொடுத்த பொடியையும் அன்றைக்கே நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாள் சோதனைக்கூடத்து அம்மா ஒரு காகிதத்தோடு வந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் என்னை அவமானப்படுத்தாமல் அவரே படித்தார்.

"அக்கா குடுத்த டப்பாவுல ஸ்டெராய்டு இருக்கு பெரியவரே. காய்ச்சலும் வீக்கமும் அமுங்கும், வைரஸ் போகாது. ஒடம்போட எதிர்ப்பையே சேர்த்து அமுக்கிடும். டாக்டர் அளந்து குடுத்தா அது மருந்துதான். இவர் தெரியாம மாசக்கணக்காச் சாப்பிட்டு, திடீர்னு நிறுத்தினதுல மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில இருக்காரு."

கலக்கும் அறைக்குப் போனேன். அதிமதுர மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாக்கு, அதில் மாத்திரைகள். மிக்ஸி ஜாரின் ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். சுள்ளென்றது. துப்பினேன். துப்பத் துப்பப் போகவில்லை.

பின்னாலேயே வந்த மாப்பிள்ளை சாக்கின் வாயைச் சுருட்டினார். "எல்லாரும் பண்றதுதான் மாமா. அந்த ஆராய்ச்சிக்காரங்களே செடியையும் ரசாயனத்தையும் ஒண்ணா வச்சுதான பாக்குறாங்க?"

"அவங்க இன்னதுன்னு எழுதி வச்சிட்டுப் பாக்குறாங்கடா நாயே!"

மாப்பிள்ளையை அதுவரை நான் ஒருமையில் பேசினதில்லை. எனக்கு ரசாயனத்தின்மேல் கோபமில்லை, இலையின்மேல் பக்தியும் இல்லை. இலைப் படத்துக்குள் ஒளிந்துகொண்டு ஊர் நெஞ்சில் கைவைத்தானே, அதுதான் அருவருப்பு. அதற்கு என் பெயரையும் நான்தான் கொடுத்தேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே ஆள் அனுப்பினேன். டப்பாக்களையும் அவனையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மகள் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்காரு?"

"கண்ணு முழிச்சிட்டாரு. அதே மருந்தக் கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சுக் குடுத்துதான் நிறுத்தணுமாம்."

சம்பளக் கவரை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளங்கையை மட்டும் விரித்தாள்.

"மூடி ஒட்டினத நான் நம்புறதில்ல மொதலாளி. எண்ணிக் குடுங்க."

இருபது பேர் பார்க்க, கவரைக் கிழித்து நோட்டு நோட்டாக வைத்தேன். மூன்று மாதச் சம்பளமும் முடிந்தது. கை மூடவில்லை.

"ஒம்பது டப்பா வாங்கியிருக்கேன்" என்றாள்.

சட்டைப் பையைத் துழாவி, ஒன்பது டப்பாக் காசையும் சில்லறை உட்பட ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். கடைசிக் காசு விழுந்த பிறகுதான் விரல்களை மடக்கினாள்.