இடைவேளைக்கு முன் இறந்தவர்

“மேதையின் அண்ணன். குடிகாரர், முரடர். தம்பியின் வயலினை உடைத்ததோடு அவர் மனத்தையும் உடைத்தவர். இடைவேளைக்குச் சற்று முன் காலமாகிறார்.”

சிறப்புக் காட்சிக்கு வந்தவர்களுக்குப் படக்குழு கொடுத்த கையேட்டில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. சம்பந்தப்பட்ட அண்ணன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நாலாக மடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஆடும் காலுக்கு அண்டக் கொடுத்தார். நாற்காலி பழுதுபார்ப்பது அவர் தொழில். ஆடுகிற நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

ஒரு பக்கம் மனைவி. மறுபக்கம் தம்பி மகள். தம்பி போன பிறகு இவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அப்பாவைப் பற்றிப் படம் வருகிறது என்று ஒரு மாதமாக அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

திரையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் புட்டியும் கையுமாகத் தள்ளாடி வந்தார். வாசித்துக்கொண்டிருந்த தம்பியின் கையிலிருந்து வயலினைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். அரங்கமே ‘ஐயோ’ என்றது. அதில் இவர் குரலும் சேர்த்தி. அடுத்த காட்சியில் அதே மீசைக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“ஏங்க, உங்களைக் கொன்னுட்டாங்களே!” என்றாள் மனைவி.

“பாத்துக்கிட்டுதானே இருக்கேன். கத்தாதே.”

பிறகு தம்பி மழையில் நனைந்தபடி வாசிக்க, அந்தத் துயரத்திலிருந்து ஒரு புது நாதம் பிறந்தது. தன் சாவினால் தம்பியின் கலை முழுமை பெற்றதை அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் எழுந்துபோன தம்பி மகள் திரும்பி வந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் இருந்த காலி நாற்காலியை அவர் பார்த்தார். அது ஆடவில்லை. ஆடியிருந்தால் அதற்காவது ஏதாவது செய்திருப்பார்.

படம் முடிந்ததும் யாரோ இயக்குநரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், நீங்க... உயிரோடவா இருக்கீங்க?”

“உங்க படம் பாக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்.”

“மன்னிக்கணும் சார். கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டுது. ஆனா வயலின் விஷயம் நாங்க கட்டினதில்லை. குடிச்சிட்டு வந்து உடைச்சேன்னு நீங்களே உங்க தம்பியோட இசைக்குழுத் தலைவர்கிட்ட ஒத்துக்கிட்டீங்களாமே. அவரே சொன்னாரு.”

அண்ணன் அதை மறுக்காததைக் கூடவே வந்திருந்த தம்பி மகள் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“ஒத்துக்கிட்டீங்களா பெரியப்பா?”

“ஆமா.”

“இதுக்கப்புறம் உங்களை எப்படிப் பெரியப்பான்னு கூப்பிடறது? நான் விடுதியில ரூம் பாத்துக்கறேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்கோ பொறுக்கவில்லை.

“இவரு குடிச்சாரா? இருமல் மருந்து குடிச்சாலே சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நடக்கற மனுஷன்! வாயைத் திறந்து சொல்லுங்களேன். செத்தவருக்காகப் பாத்தது போதும், இருக்கறவ போயிடுவா.”

“விடு.”

“நான் சொல்றேன். உங்கப்பாதாம்மா வயலினைச் சுவத்துல அடிச்சாரு. இதே சுவத்துல.”

பெண் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் பெரியப்பா?”

“சுருதி சேரலைன்னான். அடிச்சிட்டு அவனே உக்காந்து அழுதான். வயலின் குழுவோடது. தெரிஞ்சா வெளியே தள்ளிடுவாங்க. வாசிக்காம இருந்தா அவன் என்ன ஆவான்னு எனக்குப் பயம். அதான் நான்னு சொல்லிட்டேன். சும்மா உடைச்சேன்னா நம்பமாட்டாங்க, குடியையும் சேத்துக்கிட்டேன்.”

தலைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஒட்டிக் கொடு என்று விட்டுவிட்டாராம். பிறகு வேறு யாரும் தொட விரும்பாததால் அந்த வயலின் தம்பியிடமே தங்கிவிட்டது.

அவள் அலமாரியிலிருந்து வயலினை எடுத்தாள். மேல்பலகையின் துளை வழியே கைபேசி வெளிச்சத்தை அடித்து, எலும்பு முறிவைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். உள்ளே கட்டை கட்டையாக முட்டுக்கொடுத்து, வெள்ளைப் பசை வழிந்து கல்லாக இறுகிக் கிடந்தது.

“வயலினுக்கு இவ்வளவு பசையா போடுவாங்க?”

“போடக்கூடாதாம். அப்புறம்தான் தெரிஞ்சுது. நாற்காலின்னா ஆளு உக்காரணும்ல, அந்தப் பழக்கத்துல அப்பிட்டேன். சத்தமே கம்மிப்போச்சு. உங்கப்பா என்னைத் திட்டிக்கிட்டேதான் வாசிச்சான்.”

கடைசிப் பதிவுகளில் ஒலிக்கிற அந்தக் கம்மிய நாதத்தைத்தான் ஆன்மாவின் விம்மல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். படத்தில் அதற்காக மழை பெய்தது.

அவள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு அதே சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். “பெரியப்பா, இங்க வந்து உக்காருங்க” என்றாள்.

அண்ணன் வயலினை உடைக்கவில்லை. உடைத்ததாகச் சொன்னார், பிறகு அதை நாற்காலிப் பசையால் ஒட்டினார்.