தமிழில் எழுதிய பொட்டலம்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருக்கிறார்களே, பொடி எழுத்தில், அதை முழுக்கப் படிக்கிற ஆள் மைசூரில் ஒருவர் உண்டென்றால் அது சுலோசனாதான். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டின் பின்வாசலை ஒட்டிய சந்தில் ரவிக்குமாரின் மருந்துக்கடை இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநர். வயது நாற்பத்தொன்பது. மத்தியானம் கூட்டம் குறைந்தால் மற்றவர்கள் போனை எடுப்பார்கள். இவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருமல் மருந்தின் பக்கவிளைவுகளைப் படிப்பாள். படித்ததோடு நிறுத்தினால் பரவாயில்லை. வாங்க வருகிறவர்களையும் பிடித்துக்கொள்வாள்.

"இதைப் போட்டா வாய் கசக்கும்னு எழுதியிருக்கானுங்களே, உங்களுக்குக் கசக்குதுங்களா?"

கசக்கிறதா இல்லையா என்று அதுவரை யோசித்தே பார்க்காதவர்கள் வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் வேலாயுதம், "இவளுக்குச் சோறு இல்லாட்டியும் பரவாயில்ல, சேதி இருந்தா போதும்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை, சோறும் வேண்டும்.

ஊர் ஹனூர்ப் பக்கம். ஆனால் பள்ளிப்படிப்பு எல்லையிலுள்ள பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மேட்டூரில் மாமா வீட்டில். அதனால் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். ஊரில் அவள் வயதுக்காரர்கள் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாகப் பேசுவார்கள், எழுதுவது கன்னடத்தில்தான். கடையில் வாடிக்கையாளர்களுக்கு மாதா மாதம் எடுத்து வைக்கும் பொட்டலங்களின்மேல் அவள் தமிழில்தான் பெயர் எழுதுவாள். முதலில் அது பழக்கம். பிறகு அதற்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது: யாருக்கு என்ன மருந்து என்று கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதலாளி ரவிக்குமாருக்கே புரியாது. இதைவிட நல்ல பூட்டு எங்கே கிடைக்கும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

மூன்று வருடத்துக்கு முன் வைஷாலி முதல்முறை வந்தாள். நஞ்சன்கூட்டில் ஒரு துணி ஆலையில் தையல் பிரிவில் வேலை, ஆலையின் மகளிர் விடுதியில் வாசம், கொள்ளேகால் பக்கத்துத் திருநங்கை. அவள் திருநங்கை என்பது ஆலையில் யாருக்கும் தெரியாது. போனில் வந்த மருந்துச்சீட்டை அச்செடுத்து நீட்டினாள். வீடியோவிலேயே பார்த்து, வீடியோவிலேயே பேசி, போனுக்கே சீட்டு அனுப்பும் ஒரு தனியார் கிளினிக்கினுடையது. எழுதியிருந்தவை ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள். மாதவிடாய் நின்று உடம்பெல்லாம் அனலாய் எரிகிறது என்று வரும் பெண்களுக்கு இதே அட்டையை சுலோசனா நூறு தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் மருந்து கொடுக்கவில்லை.

"கோவிச்சுக்காத கண்ணு, நாளைக்கு வா. இந்தப் போனுக்குள்ள இருக்கற டாக்டர் யாருன்னு நான் பாக்கோணும்."

பார்த்தாள். சீட்டிலிருந்த பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் தேடினாள்; இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டாள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் குரல், "எந்த மருந்துக்கடையிலிருந்தும் இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை" என்று ஆச்சரியப்பட்டது. ரத்தப் பரிசோதனை, மனநல மருத்துவரின் கடிதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை, எல்லாம் இருந்தன. அப்படியும் ஆறவில்லை. வீடியோவில் பார்த்து மருந்து எழுத அரசு வகுத்த விதிகளை எதிர் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து மூன்று நாள் படித்தாள். விதிப்படி சரி என்று தெரிந்த பிறகுதான் மனம் அடங்கியது.

அப்புறம் மாதா மாதம் வைஷாலி வருவதும் இவள் கேட்பதும் வழக்கமாயிற்று. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எதற்கு இந்தப் போன் வைத்தியம் என்று ஒருநாள் கேட்டாள்.

"போனேன் அக்கா. டோக்கன் கொடுத்தாங்க. ஆதார் அட்டைல இருக்கற பழைய பேரைச் சொல்லி மைக்ல கூப்பிட்டாங்க. நான் எந்திரிச்சேன். ஹால்ல இருந்த அத்தனை தலையும் திரும்புச்சு. போன்ல அப்படி யாரும் திரும்ப மாட்டாங்கல்ல?"

சுலோசனா அதற்குமேல் கேட்காமல் பில் போடத் தொடங்கினாள். வைஷாலியைப் போல இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஐந்து பொட்டலங்களையும் மேல் தட்டில் தனி வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் தமிழில் பெயர், பெயருக்குக் கீழே அடையாளத்துக்கு ஊரும் வேலையும்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ரவிக்குமார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு கன்னடச் செய்தி சேனலிலிருந்து கிரண் என்ற நிருபர் கேமராக்காரரோடு வந்தான். மரியாதையான பையன், செருப்பைக்கூட வெளியே கழற்றினான். போனில் ஹார்மோன் மருந்து எழுதித் தரும் கிளினிக்குகளை யார் கண்காணிக்கிறார்கள் என்று ஒரு சிறப்பு அலசல் செய்கிறார்களாம். நல்ல கேள்விதான். சுலோசனாவே பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி. அதோடு அந்த மைக்கின் தலையில் எதற்காகப் பஞ்சு சுற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் அவளுக்கு ஆசையாக இருந்தது.

முப்பத்தைந்து நிமிடம் பேசினாள். விதிகளைச் சொன்னாள், பதிவு எண் பார்ப்பதைச் சொன்னாள், டோக்கன் கதையை ஊர் பேர் சொல்லாமல் சொன்னாள். வேறொரு வலைத்தளத்திலிருந்து டாக்டர் எண்ணே இல்லாத சீட்டு ஒன்று வந்ததையும், அதைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். சீட்டுகளைக் காட்டச் சொல்லிக் கிரண் கேட்டபோது, "அது மட்டும் முடியாதுங்க தம்பி, அவங்க அந்தரங்கம்" என்று கறாராக மறுத்துவிட்டாள். கேமராக்காரர் அலமாரிகளைப் பொதுவாகப் படம்பிடித்துக்கொண்டார். மருந்துக்கடையில் அலமாரியை எடுக்காமல் எதை எடுப்பார், பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. முறுக்கைத் தட்டில் போட்டுக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். "மொபைலில் பாலின மாற்றமா?" என்று சிவப்பு எழுத்து, பின்னால் பேய்ப்பட மத்தளம். சுலோசனா வந்தாள். முப்பத்தைந்து நிமிடத்தில் மிஞ்சியது ஒன்பது விநாடி: "டாக்டர் நம்பரே இல்லாம சீட்டு வருது. இதையெல்லாம் யாரு பாக்கறாங்க?" அவள் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது திரையில் ஓடியது அவளுடைய மேல் தட்டு. ஐந்து பொட்டலங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இவைதான் அந்த மருந்துகள் என்று ஒரு குரல் மூன்று தடவை சொன்னது.

"ஏனுங்க, பாருங்க, என்ர கையெழுத்து!" என்றாள் அவள், முதலில், சந்தோஷமாக.

வேலாயுதம் முறுக்கைக் கடித்தபடி திரையைப் படித்தார். "வைஷாலி, நஞ்சன்கூடு கார்மெண்ட்ஸ். யாரது?"

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடையதைத் தவிர மற்ற முகங்களையெல்லாம் மங்கலாக்கியிருந்தார்கள், கடையின் பெயரையும் மங்கலாக்கியிருந்தார்கள். பொட்டலத்தின் எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் சேனலில் அதைப் படிக்க ஆள் இல்லை. நஞ்சன்கூட்டு ஆலையிலோ தர்மபுரி, சேலத்திலிருந்து வந்து தைக்கிற தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பூட்டிய பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயாலும் கெட்டாள், கையாலும் கெட்டாள்.

வைஷாலியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்க வரவேண்டியவள், வரவில்லை.

திங்கட்கிழமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். டிவி பார்த்த மேலிடம் அனுப்பியிருந்தது. சீட்டுப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பதிவு எண்களைச் சரிபார்த்து, குறை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதை எந்த சேனலும் காட்டவில்லை. ரவிக்குமாருக்கு மட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

"சுலோசனம்மா, ஒந்து திங்களு பேடா. ஒரு மாசம் இந்த ஆன்லைன் சீட்டே வேண்டாம். சும்மா இருக்கறது நல்லது."

"புதுசு வேண்டாம், சரிங்க. வைஷாலியோடது போன செவ்வாய்க்கிழமையே பில் போட்டு எடுத்து வெச்சதுங்க. அவளுக்கு இருக்கற மாத்திரை நாளையோட தீருது."

ரவிக்குமார் மின்விசிறியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "கொண்டுபோய்க் கொடுங்க. இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை பொட்டலத்தின் மேல்தாளைக் கிழித்து, பெயரில்லாத புதுத் தாளில் சுற்றிக்கொண்டு நஞ்சன்கூடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. மன்னிப்புக் கேட்டால் தீருமா? விடுதியில் அந்தப் பெண்ணை என்ன செய்கிறார்களோ, அறையில் வைத்திருக்கிறார்களோ இல்லையோ? ஆலை வாசலில் இறங்கியபோது சாப்பாட்டு இடைவேளை. பெண்கள் கும்பல் கும்பலாக எதிர்த்த டீக்கடையில் நின்றார்கள்.

"வைஷாலியைப் பாக்கோணும்" என்றாள் காவலாளியிடம், கன்னடத்தில்.

"எந்த வைஷாலி? மூணு பேர் இருக்காங்களே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீக்கடைப் பேச்சு நின்றிருந்தது. "டிவில வந்த அக்கா" என்று யாரோ தமிழில் சொன்னது கேட்டது. ஒரு கண்ணாடி டம்ளர் பாதி வழியில் நின்றது. மூன்று வைஷாலிகளில் அந்த வைஷாலி யார் என்று இந்த ஆலைக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அத்தனை கண்களும் இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கையை நீட்டினால் முடிந்தது கதை. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சேதிக்கு ஆளாய்ப் பறந்தவள், தன்னைப் பார்க்கும் முகங்களை அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

"யாரும் வேண்டாம். தப்பா வந்துட்டேன்" என்று சொல்லிப் பொட்டலத்தை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, நில்லுங்க."

வைஷாலி கும்பலை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆலை மேலங்கி, கழுத்தில் டேப், முகம் வெளுத்திருந்தது. டீக்கடைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தமிழ்ப்ரியா, சனிக்கிழமை சத்தமா படிச்சியே, அந்த வைஷாலி நான்தான். பேக்கிங்ல இருக்கற வைஷாலி இல்ல. இனிமே அவளைக் கேக்காதீங்க."

டம்ளரோடு நின்ற பெண் அந்தத் தமிழ்ப்ரியாதான். டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். டீக்கடைக்காரர் மட்டும் எதுவும் நடக்காதது போல வடையைத் திருப்பிப் போட்டார்.

மதில் ஓரமாய் ஒதுங்கி நின்றார்கள். சுலோசனா பொட்டலத்தை நீட்டினாள். "என்ர தப்பு கண்ணு. தமிழ்ல எழுதினா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். இப்ப இங்க வந்ததும் தப்பு" என்றாள். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"எனக்கே தெரியாதே அக்கா. நான் கன்னட மீடியம். ஏதோ பில் நம்பர் எழுதியிருக்கீங்கன்னு மூணு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் வைஷாலி. "தமிழ்ப்ரியா வேணும்னு படிக்கல. கன்னட டிவில தமிழ் வந்திருச்சேன்னு குஷில படிச்சா. அப்புறம் எல்லாரும் அதைப் பிடிச்சிக்கிட்டாங்க. பேக்கிங் வைஷாலிக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு நாளா அவளைத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. அவ புருஷன் வரைக்கும் போயிருச்சு. நான் வாயை மூடிட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம். காலைல பாத்ரூம்ல அவ அழறதைக் கேட்டேன்."

"அதான் சொல்லிட்டியா?"

"அதான் சொன்னேன். உங்களுக்காகன்னு நெனைக்காதீங்க. உங்கமேல எனக்கு இன்னும் கோவம்தான்."

"இருக்கட்டும். இருக்கோணும்" என்றாள் சுலோசனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்று ராத்திரி விடுதியில் பாயை எங்கே போடுவாள், சூப்பர்வைசர் என்ன சொல்வார், அந்த இன்னொரு வைஷாலி இப்போது எங்கே நிற்கிறாள் என்று கேட்க நூறு கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள். எளிதாக இருக்கவில்லை.

சங்கு ஊதியது. பெண்கள் டம்ளர்களை வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்கள். சிலர் வைஷாலியைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காதது போல நடந்தார்கள். வைஷாலி பொட்டலத்தை மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கிளம்பினாள். நாலு எட்டு வைத்துவிட்டு நின்றாள்.

"அக்கா, அந்த நிருபர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"கிரணா? இருக்கு. எதுக்கு?"

"என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டிருக்கான்ல. இன்னொரு வாட்டி வந்தான்னா என்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கறேன்."

காவலாளி கேட்டைப் பாதி சாத்தியிருந்தார். அவளுக்காக மறுபடி திறந்துவிட்டார்.