படி, குனி, வழுக்கும்

குகை நிர்வாகம் ஆண்டு விழாவில் கொடுத்த பலகையில் இப்படிப் பொறித்திருக்கிறது: ‘சிறந்த இணைப் பணியாளர்கள். ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசி, ஒத்த கருத்துடன் செயல்பட்டு, முதியோரையும் நடக்க இயலாதோரையும் சுண்ணாம்புக் குகையின் கடைசி மண்டபம் வரை பத்திரமாகச் சுமந்து செல்லும் சகோதரர்கள்.’ அதை வாங்க மேடை ஏறியபோது அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பலகை ஒன்றுதான், யார் வீட்டில் மாட்டுவது என்று பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசவில்லை. எனவே டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நீளக் கழிகளுக்கு நடுவே கட்டிய நாற்காலி. அண்ணன் முன்னால், தம்பி பின்னால். அதனால் ஊழியர்கள் ஒருவரை முன்னவர் என்றும் மற்றவரைப் பின்னவர் என்றும் அழைத்தார்கள். முன்னால் போகிறவருக்குத்தான் பாதை தெரியும். பின்னால் வருகிறவருக்குத் தெரிவதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் பிடரி. மனிதப் பிடரிகளைப் பற்றி நம் பின்னவர் அளவுக்கு ஆராய்ந்தவர்கள் உலகில் குறைவு. ஆனால் அத்தனை வருடம் போய் வந்த குகையை அவர் சரியாகப் பார்த்ததில்லை. முன்னவர் “படி” என்றால் காலைத் தூக்குவார், “குனி” என்றால் குனிவார், “வழுக்கும்” என்றால் கால்விரலை ஊன்றி நடப்பார். பேச்சு நின்ற பிறகும் இந்த மூன்று சொற்கள் நிற்கவில்லை. இவை பேச்சில் சேரா என்பது முன்னவரின் கட்சி.

இருவரையும் பிரித்துவிடலாமே என்று மேலாளர் ஒருமுறை முயன்றார். தோள் உயரம் ஒத்துப்போகும் வேறு ஆள் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. ரத்த பாசம் செய்யாததை உயரம் செய்தது.

சண்டை சொத்துக்காக இல்லை. சொத்துக்காக என்றால் நாலு பேர் உட்கார்ந்து தீர்த்து வைத்திருப்பார்கள். இருந்த சொத்தே நடுவில் சுவர் வைத்துப் பிரித்த ஒரு வீடும், பின்னால் ஒரு புன்செய்க் காடும்தான். மழை பெய்தால் அந்தக் காட்டில் எங்காவது ஒரு குழி விழும். அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பக்கத்து ஓடை நன்றாக ஓடிக்கொண்டே வந்து ஒரு புதரடியில் காணாமல் போய்விடும். அதன் சத்தத்தைக் குகைக்குள் கேட்கலாம். அந்தத் தரையில் எதையும் நம்பிக் கால் வைக்க முடியாது.

நடந்தது இதுதான். ஒரு நாள் கொஞ்சம் பருமனான ஓர் அம்மாளை உட்கார வைத்து, முன்னவர் கழிக்குத் தோள் கொடுத்துவிட்டார். பின்னவர் குனிகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து அவர் காதில் சொன்னார்: அம்மா போய்விட்டாள். பின்னவர் தலையை ஆட்டினார். கழியைத் தூக்கினார். உள்ளே போனார்கள். பாறைகளைக் காட்டி நகைச்சுவை சொல்வது முன்னவரின் வழக்கம். “இது மாமியார் பாறை. வருஷம் பூரா சொட்டுச் சொட்டா அழும், ஆனா ஒரு இஞ்சு நகராது.” அன்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள், முன்னவரும் சிரித்தார். வெளியே வந்து நாற்காலியை இறக்கிய பிறகுதான் பின்னவர் விஷயத்தைச் சொன்னார்.

“தெரிஞ்சுக்கிட்டே என்னைச் சிரிக்க விட்டியேடா.”

“உள்ள சொல்லியிருந்தா உன் கால் ஆடியிருக்கும்ணா. மேல இருக்கிறவங்க கதி என்ன?”

“பெத்தவளைவிட அந்தம்மா ஒசத்தியாப் போச்சா உனக்கு?”

“ஒசத்தி இல்ல. எடை அதிகம்.”

பின்னவருக்குத் துக்கத்திலும் வாய் அடங்காது. அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். அத்தோடு சரி.

அதன் பிறகு தகவல் எல்லாம் பயணிகள் வழியாகப் போயிற்று. “சார், உங்களுக்குப் பின்னாடி வர்றவர்கிட்ட சொல்லுங்க, சாயங்காலம் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வருது.” நாற்காலியில் இருப்பவர் திரும்பி அப்படியே சொல்வார். “கேட்டுச்சுன்னு சொல்லுங்க சார்” என்பார் பின்னவர். எங்கிருந்தோ வந்து, டிக்கெட் வாங்கி, குகையின் அழகை ரசிக்க உட்கார்ந்தவர்கள் இப்படி ஒரு குடும்பத்துக்குத் தபால் வேலை பார்த்தார்கள்.

பிறகு பின்னவருக்கு இருமல் வந்தது. மாமியார் பாறையருகே நின்று மூச்சு வாங்கினார். முன்னவர் ஒன்றும் கேட்கவில்லை. நடையை மட்டும் குறைத்துக்கொண்டார். இருமலில் ரத்தம் வந்த அன்று, யாரும் சொல்லாமலே, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார்.

டாக்டர் முன்னவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.” அந்தச் சொல் வெளியே வரச் சற்று நேரம் ஆனது.

நுரையீரல் இரண்டும் போய்விட்டன, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். “நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.” வெளியே பெஞ்சில் இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் பஸ் வந்துவிடும் என்பதுபோல் வாசலைப் பார்த்து நடந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“மாமா, டாக்டர் என்ன சொன்னார்னு எங்கிட்ட சொல்ல வேண்டாமாம். உங்க வாயால நேராத் தன்கிட்ட சொல்லணுமாம்.”

முன்னவர் தரையைப் பார்த்தார்.

“இன்னொண்ணு. ஒரு தடவை நாற்காலியில உக்காந்து குகையைப் பாக்கணுமாம்.”

“டிக்கெட் வாங்கணும்னு சொல்லு” என்றார் முன்னவர். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கழிகளின் கட்டை அவிழ்த்துப் புதிதாக இறுக்கிக் கட்டினார்.

பின்முனைக்கு முன்னவரின் மாப்பிள்ளை வந்தார். பஸ் கண்டக்டர், ஆள் குட்டை. தோளில் சாக்கை மடித்து வைத்துச் சமன் செய்துகொண்டார். நாற்காலியில் பின்னவர் காற்றடைத்த பைபோல இருந்தார். எடையே இல்லை.

உள்ளே போனதும் பின்னவருக்கு வாய் திறந்துகொண்டது. “மாப்ள, இதுவா மாமியார் பாறை? இத்தனை நாளா எல்லாரும் சிரிக்கிறதைத்தான் கேட்டிருக்கேன். என் மாமியார் இதைவிட லட்சணமாத்தான் இருந்தாங்க.” கடைசி மண்டபத்தில் நாற்காலியைக் கல்மேடைமேல் வைத்தார்கள். கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைக் கற்களை அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு பெரிசா இது?” என்று மெதுவாகக் கேட்டார். யாரையும் கேட்கவில்லை.

அங்கே சொல்லிவிடுவது என்றுதான் முன்னவர் நினைத்து வந்திருந்தார். வாயைத் திறந்தார். திரும்பும் வழியில் இருக்கும் ஈரப்படிகளைப் பார்த்தார். “தூக்குங்க மாப்பிள்ளை” என்றார்.

படிகளின் நடுவில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இடையில் பயணி யாரும் இல்லை.

“அண்ணா. டாக்டர் என்ன சொன்னாரு?”

“படி” என்றார் முன்னவர்.

“அண்ணா.”

“குனி.”

மாப்பிள்ளை தனக்குத்தான் என்று நினைத்துக் குனிந்தார். நாற்காலியில் இருந்தவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது.

“சரி. மெதுவாவே போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“வழுக்கும்” என்றார் முன்னவர். இன்னொரு தடவை சொன்னார்.

வெளியே வெயில் அடித்தது. டிக்கெட் ஜன்னலின் நிழலில் நாற்காலியை இறக்கினார். நான்கு கால்களும் தரையில் சரியாக நிற்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பினார். தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு சொன்னார்.